உருவத்தை அல்ல, வேலையை எடுங்கள்: இயற்கையைப் பார்த்துப் பொருள் வடிவமைக்க ஒரு முழு வழிகாட்டி

அறிவியல் கண்காட்சிகளில் 'இயற்கை தந்த வடிவமைப்பு' என்ற பலகையின் கீழ் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெர்மாகோலில் வெட்டிய அறுகோணங்கள், மீன் முகம் வைத்த கார், பறவையின் இறக்கை ஒட்டிய விமானம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். 'இந்த வடிவம் இங்கே என்ன வேலை செய்கிறது?' என்று கேட்டால் செய்தவர் ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார். மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களும் இதே இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அந்தக் கதைகளும் கீழே வருகின்றன.

ஓர் உயிரி தன் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளும் விதத்தைக் கற்று நம் பொருளில் பயன்படுத்துவதை உலகெங்கும் பயோமிமிக்ரி என்கிறார்கள். இந்த முறையைப் படிப்படியாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர், சிறிய பட்டறை வைத்திருப்பவர், கண்காட்சிக்குத் தயாராகும் பள்ளி மாணவர் என யாராக இருந்தாலும் சரி. ஆறாம் படியில் உள்ள சோதனைக்கு ஒரு மெழுகுவர்த்தியும் மூன்று எவர்சில்வர் மூடிகளும் போதும்.

படி 1: பிரச்சினையை வினைச்சொல்லில் எழுதுங்கள்

இத்துறையில் இரண்டு வழிகள் உண்டு. ஓர் உயிரியைப் பார்த்து வியந்து, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தேடுவது ஒன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் நாயுடன் நடந்துவிட்டு வந்தபோது, நாயின் மயிரிலும் தன் உடையிலும் ஒட்டியிருந்த முள்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தது அப்படித்தான். அதிலிருந்து வெல்க்ரோ என்ற ஒட்டி உரிக்கும் கொக்கிப் பட்டை வந்தது. மற்றொன்று, தீர்க்க வேண்டிய தொல்லையை முதலில் வைத்துக்கொண்டு இயற்கையிடம் போவது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான். முதல் வழியில் ஆர்வம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். தேவையில்லாத ஒன்றுக்குத் தீர்வு செய்துகொண்டிருப்போம்.

பிரச்சினையைப் பொருளின் பெயரால் எழுதாதீர்கள். 'புதுவகை பெயின்ட் வேண்டும்' என்று எழுதினால் பெயின்ட் கடைக்குத்தான் போக முடியும். 'சுவரில் படியும் தூசியை மழைத்தண்ணீரே கொண்டுபோக வேண்டும்' என்று எழுதினால் குளத்துத் தாமரை இலையிடமும் போகலாம். அதற்குக் கீழே நிபந்தனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு வெயில், எத்தனை ஆண்டு, என்ன அளவு, என்ன செலவு. இந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடாதீர்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

படி 2: இதே தொல்லை வேறு யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள்

இந்தப் படியைச் சரியாகச் செய்தவர்களில் ஜப்பானின் எய்ஜி நகாட்சுவை முதலில் சொல்ல வேண்டும். மேற்கு ஜப்பான் ரயில்வேயின் பொறியாளரான அவர் பறவைகளைக் கவனிப்பதிலும் ஆர்வம் உள்ளவர். ஒசாகாவிலிருந்து ஹகாட்டா வரை செல்லும் சான்யோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையில் ஏறக்குறைய பாதித் தூரம் சுரங்கம். வேகமாக வரும் ரயில் குறுகிய சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்றுக்கு ஒதுங்க வழியில்லை. அது அழுத்தப்பட்டு, அழுத்த அலையாக மாறி, ரயிலை முந்திக்கொண்டு ஒலியின் வேகத்தில் ஓடி, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளியே வருகிறது. சுரங்க வாயின் அருகே குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஜப்பானில் ரயில் சத்தத்துக்குக் கடுமையான வரம்பும் இருந்தது. இன்ஜினுக்கு வேகத்தைக் கூட்ட முடிந்தது; சத்தத்தை அடக்க வழி தெரியவில்லை.

நகாட்சு கேட்ட கேள்வியில் ரயிலே இல்லை. எதிர்ப்புக் குறைந்த இடத்திலிருந்து எதிர்ப்பு மிகுந்த இடத்துக்குச் சட்டென்று பாய வேண்டிய தேவை எந்த உயிருக்கு இருக்கிறது? மீன்கொத்திக்கு இருக்கிறது. காற்றிலிருந்து தண்ணீருக்குள், அதிகம் சிதறவிடாமல் அது பாய்ந்தாக வேண்டும்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. பல வடிவ முனைகள் கொண்ட சிறு குண்டுகளைக் குழாய்க்குள் செலுத்தி, எழும் அழுத்த அலைகளை அளந்தார்கள். கணினியிலும் கணக்கிட்டார்கள். நல்ல முடிவு தந்த வடிவம் மீன்கொத்தியின் அலகை ஒத்திருந்தது. 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் முனை 15 மீட்டர் நீளம். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். முந்தைய வரிசையைவிடக் காற்றெதிர்ப்பு சுமார் 30 சதவீதமும் மின் செலவு சுமார் 15 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

அதே ரயிலில் இன்னொரு தொல்லையும் இருந்தது. மேலே மின்கம்பியைத் தொட்டபடி வரும் பான்டோகிராஃப், வேகம் கூடும்போது காற்றைக் கிழித்து இரைந்தது. இங்கே கேள்வி மாறியது: சத்தமில்லாமல் பறக்க வேண்டிய தேவை யாருக்கு? இரவில் வேட்டையாடும் ஆந்தைக்கு. அதன் இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற சிறு பிசிறுகள் உண்டு. பெரிய காற்றுச் சுழலை அவை சிறுசிறு சுழல்களாக உடைத்துவிடுகின்றன. பான்டோகிராஃபின் தாங்கியிலும் அப்படிச் சிறு அமைப்புகளைப் பொருத்தினார்கள். ஒரே வண்டியில் இரண்டு பிரச்சினைகள், இரண்டு பறவைகள். முழு ரயிலையும் பறவை மாதிரி செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

படி 3: ஒரே உயிரியோடு நிற்காதீர்கள்

குறைந்தது மூன்று, நான்கு உயிரிகளைப் பட்டியலிடுங்கள். ஆஸ்க்நேச்சர் என்ற இலவச இணையதளத்தில் 'ஒட்டுதல்', 'குளிர்வித்தல்', 'நீரை விலக்குதல்' என்று வேலையின் பெயரைக் கொண்டே தேடலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் வேறெங்கும் இத்தனை எளிதாகக் கிடைக்காது.

தேடும்போது அந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஈரத்தில் ஒட்டும் பசை வேண்டுமா? அலை ஓயாமல் அடிக்கும் பாறைக்குப் போங்கள். அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் மட்டிகள் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்த வேதியியலாளர் காய்ச்சாங் லீ, அவற்றின் பசையில் உள்ள புரதத்தின் இயல்பைச் சோயா புரதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருள் சேராத பிளைவுட் பசை அப்படித்தான் சந்தைக்கு வந்தது. அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது வடிவம் அல்ல, வேதியியல். இந்த வாய்ப்பையும் மறந்துவிடாதீர்கள்.

ஓர் உயிரி இரண்டு கேள்விகளுக்குப் பதில் தருவதும் உண்டு. சுறாவின் தோலில் உள்ள நுண்ணிய பல் போன்ற செதில்களின் வரிப்பள்ளங்கள் நீரின் உராய்வைக் குறைக்கின்றன. அதைப் பின்பற்றி வரிப்பள்ளங்களோடு செய்த மெல்லிய படலம் 2022 முதல் சில பயணிகள் விமானங்களின் உடலில் ஒட்டப்படுகிறது. மிச்சமாகும் எரிபொருள் ஏறக்குறைய 1 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும்; நீண்டதூர விமானத்தின் எரிபொருள் செலவைத் தெரிந்தவர்களுக்கு அற்பமாக இருக்காது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன் அதே தோலை வேறு கண்ணோடு பார்த்தார். கப்பலின் அடியில் பாசி படிகிறது, சுறாவின் மேல் ஏன் படிவதில்லை? கிருமிகள் எளிதில் குடியேற முடியாதபடி நுண்கோடுகள் அமைந்த பரப்பு அதிலிருந்து பிறந்தது. நச்சுப்பொருள் எதுவும் கிடையாது, கோடுகள் மட்டுமே.

படி 4: அது எப்படி வேலை செய்கிறது என்பதை உறுதி செய்யுங்கள்

நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத படி இதுதான்.

இரவில் டியூப்லைட் பக்கம் பூச்சி பிடிக்க வரும் வீட்டுப் பல்லியை, ஜன்னல் கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். விரல்களின் அடியில் மடிப்புகள் இரண்டு வரிசையாகத் தெரியும். ஓட எடுக்கும்போது பாதத்தை அப்படியே பிய்ப்பதில்லை. விரல் நுனியை முதலில் மேல்நோக்கி வளைத்து, உரித்து எடுக்கிறது. இந்த ஒரு காட்சியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பதிலுக்கு அறிவியலாளர்கள் ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். பசையா? பாதத்தில் பசை சுரக்கும் சுரப்பி இல்லை. உறிஞ்சிப் பிடிக்கிறதா? காற்றை வெளியேற்றிய இடத்திலும் பிடி விடவில்லை. ஈரப்பசையின் இழுப்பா? அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002இல் நீரை ஈர்க்கும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரே அளவு ஒட்டியது. எஞ்சியது மூலக்கூறுகளுக்கு இடையிலான வாண்டர்வால்ஸ் விசை. தனித்தனியே எடுத்தால் மிகச் சிறிய விசை. ஆனால் டோக்கே என்ற பெரிய பல்லியினத்தின் ஒரு பாதத்தில் சுமார் ஐந்து லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் முனையும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, ஒரு மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள தட்டையான நுனிகளில் முடிகிறது. சேர்ந்தால் உடல் எடையைப்போலப் பல மடங்கு தாங்கும். மயிரின் கோணம் சுமார் 30 பாகையைத் தாண்டினால் பிடி தானாக விடுகிறது. ஜன்னலில் நீங்கள் பார்த்த உரித்தல் இதுதான்.

இப்படிக் கழித்துப் பார்க்காமல் ஓடியவர்களின் கதைகள் வருமாறு.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்தார். கரையான் புற்று புகைபோக்கியாகச் செயல்பட்டு உள்ளே ஒரே வெப்பநிலையைக் காக்கிறது என்ற கருத்துதான் அடிப்படை. பிறகு ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் புற்றுகளை ஆராய்ந்தபோது, கூட்டின் வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணைப் பின்பற்றுகிறது என்றும், புற்றின் வேலை நுரையீரலைப்போல வாயுக்களை மாற்றிக்கொள்வது என்றும் தெரிந்தது. கட்டடம் என்னவோ நன்றாகவே குளிர்கிறது. இரவுக் குளிர்க்காற்றை விசிறிகளால் உள்ளே இழுத்து, கனத்த கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அதைப் பயன்படுத்தும் திட்டம் தன்னளவில் சரியானது. பியர்ஸுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றுதான் சொல்வேன்.

மெர்சிடிஸ் பென்ஸ் 2005இல் பெட்டிமீனைப் பார்த்து ஒரு மாதிரிக் காரைச் செய்தது. காரின் காற்றெதிர்ப்பு எண் 0.19, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2015இல் வெளியான ஆய்வு, பெட்டிமீனின் உடல் மற்ற மீன்களைவிட அதிக எதிர்ப்பு தருவது என்றும், நீரில் நேராகச் செல்ல உதவாமல் எளிதில் திரும்பவே உதவுகிறது என்றும் காட்டியது. இதைவிடப் பெரிய குழப்பம் நமீப் பாலைவன வண்டு விஷயத்தில் நடந்தது. முதுகில் மூடுபனியைப் பிடித்துக் குடிக்கும் வண்டு என்று 2001இல் புகழ்பெற்ற இனத்தைப் பின்னர் சோதித்தபோது, அந்த இனம் மூடுபனியைப் பிடிக்கத் தலைகீழாக நிற்பதே இல்லை என்று தெரிந்தது. அதன் உறவினமான வேறொரு வண்டுதான் அப்படி நிற்கிறது. இன்றுவரை தவறான வண்டின் படம்தான் பல பாடங்களில் இருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு செய்திக் கட்டுரையை நம்பாதீர்கள். மூல ஆய்வையும், அதற்குப் பின் வந்து அதை மறுத்த ஆய்வு ஏதேனும் இருந்தால் அதையும் தேடிப் படியுங்கள். உள்ளூர்க் கல்லூரியின் தாவரவியல் அல்லது விலங்கியல் துறையில் ஒரு மணி நேரம் பேசினாலே பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

படி 5: உயிரியின் பெயர் இல்லாமல் ஒரு வாக்கியம்

கண்டதை உயிரியின் பெயரோ உறுப்பின் பெயரோ வராமல் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பல்லிக்கு: 'தொடும் பரப்பை லட்சக்கணக்கான நெகிழ்வான நுனிகளாகப் பிரித்தால், சாய்வாக இழுக்கும்போது ஒட்டும், கோணத்தை மாற்றினால் விடும்.' தாமரை இலைக்கு: 'நீரை விலக்கும் பொருளால் ஆன பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகவும் இருந்தால், துளி காற்றின் மேல் நின்று உருண்டோடும், தூசியையும் எடுத்துச் செல்லும்.'

இந்த வாக்கியத்தை உயிரியலே தெரியாத பட்டறைக்காரரிடம் கொடுத்தால் அவரால் ஏதாவது செய்யத் தொடங்க முடியும். முடியாவிட்டால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

படி 6: உங்கள் பொருளில், உங்கள் அளவில் செய்யுங்கள்

தாமரை இலையையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970களில் இலைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். வழவழப்பான இலைகளைப் பார்ப்பதற்கு முன் கழுவ வேண்டியிருந்தது; சொரசொரப்பான இலைகள் ஏற்கெனவே சுத்தமாக இருந்தன. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. தாமரை இலையின் மேல்பரப்பு முழுக்க சில மைக்ரோமீட்டர் அளவுள்ள மேடுகள். அந்த மேடுகளின் மேல் அவற்றைவிட மிகச் சிறிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி மேட்டு நுனிகளை மட்டும் தொட்டு, கீழே அடைபட்ட காற்றின் மேல் நிற்கிறது. சக ஆய்வாளர் நைனுயிஸுடன் சேர்ந்து அவர் இதை விரிவாக வெளியிட்டது 1997இல். 1999இல் இதே தத்துவத்தில் வெளிச்சுவர் பெயின்ட் விற்பனைக்கு வந்தது.

வீட்டில் செய்ய: ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதைச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். இரண்டாவதில் உருகிய மெழுகை மெல்லிய, வழவழப்பான பூச்சாகத் தடவி ஆறவிடுங்கள். மூன்றாவதை இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்தியின் மஞ்சள் சுடருக்குள்ளேயே காட்டி, பரப்பு முழுவதும் கரி படியும்வரை நகர்த்துங்கள். நன்றாக ஆறட்டும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மூன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெறும் எவர்சில்வரில் பரவும். மெழுகில் அரை உருண்டையாக நிற்கும். மூடியைச் சாய்த்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கரியில் முழு உருண்டையாகி, லேசாகச் சாய்த்தாலே ஓடிவிடும். மெழுகு நீரை விலக்கும்தான், ஆனால் மேடுபள்ளம் இல்லாமல் அந்த விலக்கல் மட்டும் போதவில்லை. பிறகு கரி மூடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்வாகப் பாருங்கள். கறுப்பு மறைந்து வெள்ளியாக மின்னும். அடைபட்ட காற்றுப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் அந்த மினுக்கம். தாமரை இலையையோ சேம்பு இலையையோ முக்கினாலும் அதே வெள்ளி தெரியும். கரிக்கும் இலைக்கும் உருவத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது, வேலை ஒன்றுதான்.

அளவு முக்கியம். 'மேடுதானே' என்று களிமண்ணில் ஒரு சென்டிமீட்டர் மேடுகள் செய்தால் துளி பள்ளத்தில் இறங்கித் தேங்கும். பரப்பு இழுவிசை ஆட்சி செய்வது சின்ன அளவுகளில்தான். நீச்சல் உடைகள் இதற்குச் சாட்சி: சுறாத்தோல் போல என்று விற்கப்பட்ட துணியை ஹார்வர்டின் ஜார்ஜ் லாடர் குழு 2012இல் சோதித்தபோது, உண்மையான சுறாத்தோல் தந்த வேகம் துணியில் கிடைக்கவில்லை.

பெருமளவில் எப்படிச் செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். டி மெஸ்ட்ரலுக்கு முள்ளின் கொக்கி விளங்கியது ஒரே நாளில். ஆனால் முதலில் பருத்தியில் செய்து பார்த்தது சீக்கிரம் தேய்ந்தது. நைலானுக்கு மாறி, அகச்சிவப்பு வெப்பத்தில் அதை விறைக்கவைக்கக் கற்றார். கொக்கி நெய்வதும் தனிப் பாடு. கடைசியில் வளையங்களாக நெய்து, உச்சிக்குச் சற்றுப் பக்கத்தில் வெட்டிவிட்டார். வெட்டுப்பட்ட வளையமே கொக்கியானது. அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோது ஆண்டு 1955.

படி 7: ஒப்பிட்டுச் சோதியுங்கள், அடித்தும் பாருங்கள்

மேலே மூன்று மூடிகள் வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒப்பிட ஒன்று இல்லாமல் 'நன்றாக வேலை செய்கிறது' என்பதற்குப் பொருளில்லை. கோணமானியால் எத்தனை பாகையில் துளி ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். சாக்பீஸ் தூளைத் தூவி, எத்தனை சொட்டில் நீங்குகிறது என்று எண்ணுங்கள்.

பிறகு கெடுக்கப் பாருங்கள். கரியை விரலால் ஒருமுறை தொட்டால் அந்த இடம் போய்விடும். தாமரை இலையையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அங்கே தண்ணீர் பரவும். ஆனால் உயிருள்ள இலை மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும், பெயின்டால் முடியாது. சோப்புத் தண்ணீர் விட்டால் துளி இலையிலேயே பரவும். எண்ணெய் பிசுக்கு, புகை, மாதக்கணக்கில் வெயில் என்று முதல் காகிதத்தில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு நிபந்தனையையும் இங்கே எதிரில் வையுங்கள்.

வெற்றிக்கும் விலை உண்டு. 500 வரிசை ரயிலின் அழகான முனை முதல் பெட்டியில் இருக்கைகளைத் தின்றது. முனையை ஒட்டிக் கதவு வைக்க இடமில்லை. உருண்டையான உடலால் உள்ளே இடம் நெருக்கடி. 1999இல் வந்த 700 வரிசை வேறு முனையோடு வந்தது. உங்கள் அறிக்கையில் இப்படி ஒரு பத்தி இல்லாவிட்டால் தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

படி 8: காப்புரிமை யோசனை இருந்தால்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவின்படி, இயற்கையில் இருக்கும் ஒன்றைக் கண்டறிந்ததற்கு மட்டும் உரிமை கிடையாது. இலையில் மேடு இருப்பது உங்களுடையதல்ல. அந்த மேட்டைத் தகரத்தில் உருவாக்க நீங்கள் கண்ட புதிய செய்முறை உங்களுடையதாக இருக்கலாம். விண்ணப்பத்தை அப்படித்தான் எழுத வேண்டும். அதற்கு முன் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்தில் ஐந்தாம் படியின் வாக்கியத்தில் உள்ள சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். தாமரை இலை, பல்லிப் பாதம் இரண்டிலும் ஏராளமான விண்ணப்பங்கள் ஏற்கெனவே குவிந்திருக்கின்றன. கண்காட்சியில் வைத்துவிட்டோ இணையத்தில் படம் போட்டுவிட்டோ பிறகு விண்ணப்பித்தால் 'புதியது' என்ற தகுதி போய்விடக்கூடும். வரிசை தவறாமல், விண்ணப்பம் போட்ட பிறகு காட்சிக்கு வையுங்கள்.